எதிர்வாசல்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பதினாறு வருடம் பிழை திருத்தினேன். ராகுகாலம் அரை மணி நேரம் தள்ளி அச்சாகிவிட்டால் எத்தனை ஊரில் எத்தனை கல்யாணம் குழம்பும் என்று யோசித்தே பழகிய மூளை எனக்கு. அதனால் மதுரையிலிருந்து ஜெயச்சந்திரன் என்ற இன்ஜினியர் வந்து, ஒரு கையேட்டைத் தமிழில் எழுதித் தர முடியுமா, கூடவே ஒரு சொற்பட்டியலும் வேண்டும் என்று கேட்டபோது, இதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்புக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கையேடு எதற்கென்றால், தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் ஊர்க்காரர்களே நடத்தும் கம்பியில்லா வலையமைப்பு ஒன்று வரப்போகிறது. செல்போன் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மொத்தம் ஒன்பது வெள்ளைப் பெட்டிகள், எட்டு வீட்டு மாடிகளில் எட்டு. ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் செய்தியைக் கொடுக்கும், அது அதற்கடுத்ததிடம் கொடுக்கும். ஒன்பதாவது, கடைசிப் பெட்டி ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் அறைச் சுவரில். மறுமுனையில் ஊர் வாசகசாலையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். டவர் படுத்துவிட்டாலும் ஊருக்குள் இது ஓடும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இதைக் கேட்டு வாங்கியவர் இருளம்மாள். அந்தக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்ப்பவர், நாற்பத்தைந்து வயது. முதல் நாள் போனதும் காபி கொடுத்தார். கையில் காகிதம் வைத்திருக்கிற பெண் யாராக இருந்தாலும் அந்த ஊரில் டீச்சர்தான் என்பதால் என்னையும் டீச்சர் என்றே கூப்பிட்டார். நான் இரண்டு முறை திருத்திவிட்டு விட்டுவிட்டேன்.

"எனக்கு இண்டர்நெட்டெல்லாம் வேண்டாம் டீச்சர்," என்றார். "வெடிச்சா யாரு வெளிய வந்துட்டாக, யாரு வரலன்னு வீட்டுக்குத் தெரியணும். அம்புட்டுத்தான்."

அவருடைய தங்கை ரோஜா மூன்று வருடத்துக்கு முன் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போகிறவர்கள் செல்போனை கேட்டில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சத்தம் கேட்டதும் நாலு ஊரும் ஒரே நேரத்தில் போன் அடிக்கும், டவர் திணறிப் படுத்துவிடும். ரோஜாவின் கம்பெனியில் வெடித்த அன்றைக்கும் அப்படித்தான். காலை பதினொன்றரைக்கு ரோஜாவை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது தெரியாமல் இருளம்மாள் சாயங்காலம் ஆறு மணி வரை கம்பெனி கேட்டில் நின்றிருக்கிறார். நாலு மணிக்கு ரோஜா போய்விட்டாள். அதுவரை நினைவு இருந்திருக்கிறது. "எங்கக்கா வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததாக நர்ஸ் சொன்னாராம்.

இதைச் சொல்லும்போது இருளம்மாள் அழவில்லை. காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

என் முதல் சொற்பட்டியலை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் நோடு என்கிறார்களே, அதற்குக் கணு. ஹாப் என்பது தாவல். கேட்வே என்றால் நுழைவாயில். லைன் ஆஃப் சைட், அதாவது ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவில் மரமோ சுவரோ இல்லாமல் ஒன்றையொன்று முகம் பார்க்க நிற்பது, அதற்கு நேர்பார்வை. எல்லாம் கரும்பு மாதிரி இனிக்கிற தமிழ். வாசகசாலையில் முப்பது பேரை உட்கார வைத்து வாசித்தேன். மரியாதையாகக் கேட்டார்கள். அதன் பிறகு ஒருத்தர்கூட அதில் ஒரு சொல்லைப் பயன்படுத்தவில்லை. பெட்டியை 'அது' என்றார்கள். செய்தி போவதை 'போகுது' என்றார்கள். பெட்டி கெட்டுப்போனால் 'அது போகல' என்று ஜெயச்சந்திரனுக்குப் போன் செய்தார்கள். எந்த அது, எங்கே போகவில்லை என்று அவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர்," என்றார் இருளம்மாள். "வாய்க்குள்ள நிக்க மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் அந்தக் கோபத்தை வளர்த்தேன். மூன்றாம் நாள் வேறு வழி தோன்றியது. இவர்கள் வாயில் நிற்கிற சொற்களிலேயே எழுதிவிட்டால் என்ன? நோடுக்கு ரூம். பட்டாசுக் கம்பெனியில் தனித்தனியாக நிற்கும் ஒவ்வொரு சின்னக் கட்டடத்துக்கும் ரூம் என்றுதான் பெயர். செய்தி எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டருக்குப் போர்மேன். கேட்வேக்கு கேட். ஒவ்வொரு பெட்டியும் பத்து விநாடிக்கு ஒரு முறை தான் வேலை செய்வதாகச் சொல்லும். அதற்கு நான் உயிர்த்துடிப்பு என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, இருளம்மாள் சொன்னபடி 'இருக்கேன்' என்று போட்டேன். காலையில் பேர் கூப்பிடும்போது அவர்கள் சொல்லும் பதில் அது.

இரண்டாம் பதிப்பு பிய்த்துக்கொண்டு போனது. அதிலும் பெத்தணன் அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். அவர் இருளம்மாளுக்கு எதிர்வீடு. முப்பத்தொரு வருடம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தொரு வருடத்தில் அவர் பார்வையில் இருந்த ரூம்களில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை. அந்தப் பக்கம் அது கலெக்டர் பதவியைவிடப் பெரிய விஷயம். அவர் மனைவி பஞ்சம்மாள் இன்னமும் இருளம்மாள் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் பட்டாசுச் சரம் பின்னுகிறார்.

"இதச் சொல்லியிருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்குமே தாயி," என்றார் என்னிடம். அன்று முதல் ஒன்பது பெட்டிக்கும் அவர்தான் பொறுப்பு என்று ஊர் முடிவு செய்தது. அவரும் அப்படித்தான் முடிவு செய்திருந்தார்.

வெடித்தால் என்ன செய்வது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி எழுதினோம். வாட்ச்மேன் அறையில் ஒரு பழைய செல்போன் இருக்கும். இருளம்மாள் கேட்டுக்கு வந்ததும் அதை எடுத்து, தன் காலால் நடந்து வெளியே வந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக அடிப்பார். அடிக்க அடிக்க ஊரில் எல்லார் போனிலும் வாசகசாலைக் கம்ப்யூட்டர் காட்டும் ஒரு பக்கத்தில் அந்தப் பெயர் விழும். பட்டியல் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிவது என்று கேட்டேன். ஒரு சொல் வேண்டுமே. 'நிறைவு' என்று போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்குச் சொல்லு?" என்றார் பெத்தணன். "ரூமயெல்லாம் பாத்துட்டுப் போர்மேன்தான் கடைசியா வெளிய வருவான். கடைசிக் கையெழுத்து அவன் கையெழுத்து. அதே மாதிரி, அடிக்கிறவுக பேரு கடைசியில வரட்டும். இருளாயி பேரு வந்துட்டா முடிஞ்சிருச்சின்னு அர்த்தம். அதுக்கு மேல யாரும் இல்ல." இருளம்மாளை அவர் இருளாயி என்றுதான் கூப்பிடுவார்.

பிழை திருத்துபவளாக எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஆடியில் காற்று அடித்தது. நாலைந்து பெட்டிகள் ஆட்டம் கண்டு 'இருக்கேன்' விட்டு விட்டு வந்தது. ஜெயச்சந்திரன் போனில், எல்லாவற்றையும் கழற்றி இறுக்கி, கையேட்டில் உள்ளபடி திருப்பி வையுங்கள் என்றார். பெத்தணன் இரண்டு ஆட்களோடு மாடி மாடியாக ஏறி, ஒரே நாளில் ஒன்பதையும் முடித்தார். மறுநாள் ஒன்பதும் படுத்துவிட்டன. ஒரு வாரம் என்னென்னவோ செய்து பார்த்தும் ஒன்றும் எழும்பவில்லை.

ஜெயச்சந்திரன் கையை விரித்தார். ஆவணி முடிவதற்குள் ஒன்பதும் சேர்ந்து நிற்காவிட்டால் பெட்டிகளைக் கழற்றி வேறு ஊருக்குக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார். நான் பஸ் ஏறிப் போனபோது இருளம்மாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். சீசனில் அந்தப் பக்கம் யாரும் அப்படி லீவு போடுவதில்லை.

"தீவாளி ஆர்டரு டீச்சர். நெருக்கி வேலை நடக்குது," என்றார். "எல்லாம் இப்பத்தான் நடக்கும். நல்லதும் கெட்டதும். இப்பப் பாத்துப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாகன்னா நான் என்ன செய்ய?"

எனக்கு மறுபடியும் கோபம்தான் முதலில் வந்தது. எழுதிக் கொடுத்ததைப் படிக்காத ஜனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மாடி ஏறினேன். நான் வலையமைப்பு இன்ஜினியர் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தைத் தலைகீழாக அச்சிட்டிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். இருளம்மாள் வீட்டுப் பெட்டி கிழக்கே முதுகைக் காட்டி நின்றது. எதிரே பெத்தணன் வீட்டுப் பெட்டி அதற்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்தது. கண்ணுக்கு எட்டிய ஐந்து பெட்டியும் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி திரும்பி நின்றன. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் தகரத்தை நிமிர்த்தி அணை கட்டியிருந்தது. மாடிச் சுவரில் சாக்பீஸால் நாலு பெயர் எழுதி, அதற்குக் கீழே 'இந்த ரூமில் நாலு போனுக்கு மேல் கூடாது' என்றிருந்தது.

பெத்தணனைக் கூப்பிட்டேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, மர ஏணியில் வெறுங்காலோடு ஏறி வந்தார். இடுப்பில் பித்தளைச் சுத்தியல். இரும்பு இரும்பில் பட்டால் பொறி பறக்கும் என்பதால் கம்பெனியில் அதைத்தான் வைத்திருப்பார்கள்.

"அண்ணாச்சி, ஏன் எல்லாத்தையும் திருப்பி வச்சீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "பெறவு? ஒரு ரூம் வாசல் இன்னொரு ரூம் வாசலப் பாக்கலாமா? ஒண்ணு வெடிச்சா எதுத்ததும் சேந்துல்ல போகும்? தகரமும் அதுக்குத்தான். மதுரைக்காரத் தம்பி வச்சிட்டுப் போனது பூராவும் தப்பு தாயி. நேருக்கு நேரு வச்சிருந்தாரு. படிச்ச புள்ள, சொன்னாச் சங்கடப்படும்னு நானே மாத்திட்டேன்."

"நாலு போன்?"

"ரூமுக்கு நாலு ஆளுதான. சட்டம் அதுதான."

நான் அந்த மாடியிலேயே உட்கார்ந்து இரண்டாம் பதிப்பைப் புரட்டினேன். நேர்பார்வை என்ற சொல் கஷ்டமாக இருக்கிறது என்று நானே எடுத்திருந்தேன். அந்த இடத்தில் 'ரூம்களைச் சரியாகத் திருப்பி வைக்கவும்' என்று இருந்தது. சரியாக என்றால் எப்படி என்று எழுதவில்லை. பதினாறு வருடம் அடுத்தவர் பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டவள் எழுதிய வரி அது. வெட்கமாக இருந்தது. அவர் என் புத்தகத்தைப் படிக்காமல் தப்புச் செய்யவில்லை. வரிக்கு வரி படித்து, நான் ரூம் என்றதும் ரூமுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் ஒழுங்காகச் செய்திருந்தார்.

அதை அவரிடம் சொன்னேன். இந்தப் பெட்டிகள் முகத்துக்கு முகம் பார்த்தால்தான் செய்தி போகும், இது ஒன்றும் வெடிக்காது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் பித்தளைச் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுண்டிப்போனது. முப்பத்தொரு வருடத்தில் அவர் செய்தது சரியில்லை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

இருளம்மாள்தான் பேசினார். "அண்ணே, ரூமுக்குத்தான எதுத்த வாசல் ஆகாது? எங்க வீட்டு வாசலும் உங்க வீட்டு வாசலும் எதுத்தாப்புலதான இருக்கு? மதினி கொழம்பு கூட்டுனா எனக்கு இங்கன வாசம் வருதே. இதப் போயி ரூமுன்னு ஏன் சொல்லணும்? வீடுன்னு சொல்லுவோம்."

பெத்தணன் போய்த் தகரத்தைப் பிடுங்கினார். "வீடுன்னா சரி," என்றார்.

அன்று மதியம் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் ஒன்பது பெட்டியையும் திருப்பினோம். ஒரு மாடியில் அவர் பெட்டியைத் திருப்புவார். எதிர்மாடியில் இருளம்மாளின் மகள் ஓவியா நின்று, "இன்னும் கொஞ்சம் மேக்க மாமா, இன்னும் கொஞ்சம்," என்பாள். அவள் சிவகாசியில் கடைசி வருடம் படிக்கிறாள். பெயர் விழும் பக்கத்தையும் வாசகசாலைக் கம்ப்யூட்டரையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஐந்து மணிக்கு ஒன்பதாவது 'இருக்கேன்' வந்தது. இருளம்மாள் அப்போதுதான் அழுதார். மறுநாள் காலையில் வேலைக்குப் போய்விட்டார்.

புரட்டாசி இரண்டாவது வாரம் மூன்றாம் பதிப்பை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். நோடுக்கு வீடு, லைன் ஆஃப் சைட்டுக்கு எதிர்வாசல். ஒரு புதன்கிழமை. ஓவியா காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாள். பெத்தணன் எதிர்வீட்டு வாசலில் நின்றபடி என்னிடம் ஒரு பிரதி வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். பதினொன்று இருபதுக்குச் சத்தம் கேட்டது. தட்டுமுட்டுச் சாமான்கள் அதிர்ந்தன. மேற்கே வெள்ளைப் புகை எழும்பியது. எந்தக் கம்பெனி என்று அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை, திசையே சொல்லிவிட்டது.

ஓவியா போனை எடுத்தாள். நான் என் போனில் இருளம்மாளைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் போன் கேட்டுப் பெட்டியில் கிடக்கும் என்று தெரிந்தும். டவர் அதற்குள் படுத்துவிட்டது. பெத்தணன் தெருவைத் தாண்டி வந்து ஓவியாவின் பக்கத்தில் நின்றார். அவரிடம் போன் உண்டு. ஆனால் அதில் பார்க்க அவருக்குக் கை வரவில்லை.

ஆறாவது நிமிடத்தில் முதல் பெயர் விழுந்தது. பிறகு மளமளவென்று. அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் நாற்பத்தாறு பேர் என்று காலையிலேயே அந்தப் பக்கத்தில் பதிந்திருந்தது. நான் ஒன்றைத்தான் தேடினேன். இருபது பெயர் வந்தது, முப்பது வந்தது, இருளம்மாள் இல்லை. ஓவியாவின் தோளைப் பிடித்து, "அம்மா பேரு இன்னும் வரலையே," என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேரு வந்துக்கிட்டே இருக்குல்ல. அப்ப அம்மாதான அடிக்காக."

அதை நான்தான் எழுதி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் மறந்துபோனேன்.

நாற்பத்து மூன்றாவது பெயருக்குப் பிறகு ஒரு இடைவெளி. கேட்டில் நின்று இருளம்மாள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது என்று பிறகு தெரிந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். பெத்தணன் குனிந்து திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு நாற்பத்து நாலாவது வரி விழுந்தது. இருளம்மாள்.

ஓவியா மூச்சை விட்டாள். அவள் உடம்பு தளர்ந்து என்மேல் சாய்ந்தது. எனக்கு வந்த நிம்மதியை மறைக்க மாட்டேன், அப்படியொரு நிம்மதி. அதே வரியைத்தான் பெத்தணனும் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார். கையில் இருந்த பிரதியைப் படியில் வைத்தார். வண்டியை எடுத்தார். கம்பெனி இருக்கும் மேற்கே போகவில்லை. கிழக்கே, சிவகாசி ரோட்டில் திரும்பினார். காயம்பட்டவர்களை எங்கே கொண்டுபோவார்கள் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பட்டியலில் வராத பெயர்கள் இரண்டு. ஒருவர் விஸ்வநத்தத்துக்காரர், வெடிமருந்து கலக்கும் ரூமில் இருந்தவர். அவர் அங்கேயே முடிந்துவிட்டார். விஸ்வநத்தத்தில் பெட்டி இல்லை. அவர் வீட்டுக்கு மூன்று மணிக்குத்தான் தெரிந்தது.

இன்னொருவர் பஞ்சம்மாள். தண்ணீர்க் குடத்தோடு அந்த ரூமைக் கடந்துபோன நேரம். வலது கையும் கழுத்தும் வெந்து, இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நான் பார்க்கப் போனபோது பெத்தணன் அவருக்கு ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நடந்ததைப் பஞ்சம்மாள்தான் எனக்குச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து இறக்கும்போது கண்ணைத் திறந்தாராம். ஆஸ்பத்திரி வாசலில், ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில், அவருக்கு முன்னாலேயே வந்து பெத்தணன் நின்றிருக்கிறார்.

"உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டிருக்கிறார் பஞ்சம்மாள்.

"யாரும் சொல்லல," என்றாராம் அவர். "இருளாயி பேரு வந்துச்சு. ஓம் பேரு வரல."